அளவுக் கொப்பி

என் முதுகை நான் பார்த்ததில்லை.
யாருமே தம் முதுகைப் பார்த்ததில்லைத்தான்,
ஆனால் பார்த்துச் சொல்ல
வீட்டில் ஒருவராவது இருப்பார்கள்.
வெள்ளவத்தையில், கடற்பக்க ஒழுங்கையில்,
மூன்றாம் மாடி அறையில்
எனக்கிருப்பது ஒரு கண்ணாடி.
அதுவும் முகத்தளவு.

சட்டைக்கு அளவெடுக்கையில்
ருவைதா நாடாவை நிறுத்தினாள்.
"தவரூபி, இது போன வருஷம் இவ்வளவு இல்லையே."
கொம்பனித்தெருவில் அந்நேரம் ஒரு ரயில் போனது.
எது, என்று நான் கேட்டது
எனக்கே கேட்கவில்லை.

அன்றிரவு கைபேசியைத் தோளுக்குப் பின்னால் பிடித்து
பதினேழு படம் எடுத்தேன்.
பதினாறில் சுவர்.
ஒன்றில், மங்கலாய், ஒரு கறுப்பு.
மச்சமா, கமெராவில் ஒட்டிய தூசியா?
துடைத்துவிட்டு மறுபடி எடுத்தேன்.
தூசியில்லை.

ஐந்துலாம்புச் சந்தி இரும்புக்கடையில்
இருபத்தொரு வருஷமாய்க் கணக்கெழுதுகிறேன்.
அரை அங்குல ஆணி, முக்கால் அங்குல ஆணி.
ஒரு சதம் பிசகினால் நித்திரை வராது.
என் தோளுக்கு நாலு விரற்கடை கீழே
என்ன வரவு வைத்திருக்கிறது என்று
ஒருநாளும் பார்க்கவில்லை.

முதலாளியின் மனைவி சொன்னாள்,
முதுகில் மச்சம் சொத்துச் சேர்க்குமாம்.
எங்கே, என்று கேட்கவில்லை. சம்பள நாள்.
லொறிக்கார ரெஜினோல்ட்
குதிரைமயிரால் கட்டினால் விழுந்துவிடும் என்றான்.
கனடாவிலிருந்து அக்கா:
"வெயிலில் திரியாதை."
வெயிலில்லாத கொழும்பை எங்கே வாங்குவது?

பொரளையில் டொக்டரைச் சனல் பண்ணினேன்.
இலக்கம் முப்பத்தாறு.
எனக்கு முன்னால் இருந்தவர்களின் தோலெல்லாம்
நானே பார்த்து முடித்தேன்.
எதிர்க் கதிரைக்காரரின் மூக்கில் ஒன்று, சாதுவாய்.
ஒரு பிள்ளையின் முழங்காலில் ஒன்று,
தாய் குனிந்து அதைக் கொஞ்சினாள்.
கொஞ்சுவதற்கும் வெட்டுவதற்கும்
ஒரே கறுப்பைத்தான் வைத்திருக்கிறது உடம்பு.

வெளிச்சக் கண்ணாடியை முதுகில் ஊன்றி
டொக்டர் நெடுநேரம் பேசவில்லை.
"எவ்வளவு காலமாய் இருக்குது? வளர்ந்ததா?"
முதுகை எனக்குத் தெரியாது டொக்டர்.
கைப்பையிலிருந்து
ருவைதாவின் கொப்பியை எடுத்துக் கொடுத்தேன்.

என் பக்கத்தில், நெஞ்சு, இடுப்பு, கை நீளம்,
அவற்றோடு பென்சிலில் ஒரு புள்ளி.
கழுத்துவெட்டு அதை மறைக்கவேண்டுமென்று
நான் கேளாமலே குறித்து வைத்தது.
2018 தீபாவளி: உளுந்து.
அடுத்த வருஷமும் உளுந்து.
பெறாமகளின் கலியாணம்: உளுந்து, கொஞ்சம் சரிவு.
இந்த வைகாசி: மிளகு.

டொக்டர் சிரிக்கத் தொடங்கி, நிறுத்தினார்.
மிளகின்மேல் பேனையால் மெல்லத் தட்டினார்.
"அநேகமாய் ஒன்றுமிராது. எடுத்துப் பார்ப்பம்."
அந்த அநேகமாயை
வீடுவரை பஸ்ஸில்
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்,
முட்டைப் பெட்டி கொண்டுவருவதுபோல்.

எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை.
கீழ்வீட்டு மாமி படியில் மறித்து,
"சோறு தரட்டே? இன்றைக்கு மச்சம் இல்லை" என்றா.
"என்னட்டையும் இல்லை மாமி."
விளங்காமலே, நல்லது பிள்ளை, என்றா.

ருவைதா பிளாஸ்டரை விலக்கி
தையலைத்தான் முதலில் பார்த்தாள்.
"மூன்று போட்டிருக்கிறான். நடுவில இழுத்துப்போட்டான்."
பிறகு கொப்பியை விரித்து, பென்சிலை நாவில் நனைத்து,
திகதி எழுதினாள்.
புள்ளியிடம் வந்ததும் கை நின்றது.
"என்ன போட?"
முடிவு வரப் பத்து நாளாகும், என்றேன்.
அந்த இடத்தை வெறுமையாய் விட்டாள்.

வெளியே மழை தொடங்கியிருந்தது.
கழுத்தை எவ்வளவு இறக்கலாம் என்று
இருவரும் பேசவில்லை.
நாடா என் தோளில் கிடந்தது,
எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல்.