மூன்றாம் எண் கூண்டு

பாம்பனில் கூண்டு ஏற்றி மூன்று நாள்.
ஐஸ் கம்பெனி மாடியில் கிளப் நிறைந்துவிட்டது.
சிசிலியன் டிராகன். எனக்கு வெள்ளை.
எதிரே கஸ்டம்ஸ் கிளார்க் லெப்பைக்கனி,
சிப்பாயைக்கூட ரசீது பார்த்துத்தான் வெட்டுவார்.

பதினேழாவது நகர்த்தலில்
யானையைத் தூக்கிக் கொடுத்தேன்.
கணக்கெல்லாம் இல்லை,
வலை நனையாத கடுப்பு.
வாங்கியவர் கை நடுங்கியது.
என் கையை அவர் பார்த்திருப்பார்.

எச்-ஐந்தில் ராணி, செக்.
ராஜா ஒதுங்கினார்.
ஈ-எட்டில் செக்.
திரும்பி வந்தார்.
நங்கூரத்தில் கிடக்கும் வள்ளம்
காற்றுக்கு மூக்கைத் திருப்புகிற மாதிரி
அதே இரண்டு கட்டம்.

"டிராவா?"
"வேறென்ன."

கையெழுத்துப் போடும்போதுதான் கண்ணில் பட்டது:
ஜி-ஏழுக்கு ஓடியிருந்தால் தப்பித்திருப்பார்,
ஒரு யானை மிச்சத்தோடு.
அவரும் அந்தக் கட்டத்தையேதான்
பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கும் கூண்டு இறங்காதாமே, இன்னாசி"
என்றார்.