காய்கறித் தட்டில் ஒரு குளிர்காலம்

கார்க் நகரத்திலிருந்து ஷைனி
கம்பளிக் காலுறைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தது,
மூன்று விரல் தடிமனில் ஒரு வேர்முண்டு.
"ஹோஸ்டா. நிழல் மதி, ஈரம் மதி" என்றாள்.
வண்டிப்பெரியாற்றில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

முதல் வருஷம் பதினோரு இலை.
நீலம் கலந்த பச்சை,
விளிம்பில் மோர் தடவிய வெளுப்பு.
லயத்து வழியே போகிறவர்கள் நின்று கேட்டார்கள்:
சேம்பா? கிழங்கு வேகுமா? மூலத்துக்கு மருந்தா?
பூவாவது பூக்குமா?
பூக்கும்,
பூவுக்காக வைக்கவில்லை என்றேன்.
எஸ்டேட்டில் கொழுந்து எடை எழுதுகிறவள் நான்.
நாள் முழுக்க இலையைக் கிலோவில் பார்க்கிறேன்.
தராசு ஏறாத இலை ஒன்று
வாசலில் நிற்கட்டுமே.

இரண்டாம் வருஷம் ஏழு.
மூன்றாம் வருஷம் நான்கு,
அதுவும் குழந்தை உள்ளங்கை அளவு.
ஷைனி இரவு டியூட்டி முடிந்து
பஸ்ஸுக்கு நின்றபடி படத்தைப் பார்த்தாள்.
"அதுக்கு உறக்கமில்ல.
குளிரில செத்த மாதிரி கிடந்தாத்தான் எழும்பும்."
சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம்
மூச்சு மட்டும் விட்டாள்.

டிசம்பரில் தோண்டிக் கழுவி
மலையாளப் பேப்பரில் சுற்றி
ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்தேன்,
கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் நடுவில்.
சூசைமாணிக்கம் அதைச் சித்தரத்தை என்று எண்ணிக்
கத்தியோடு நின்ற ஞாயிற்றுக்கிழமை
நான் போட்ட சத்தத்தில்
பக்கத்து வீட்டு நாய் கட்டிலடியில் புகுந்தது.
ஜனவரியில் கம்பி மேல் மரம் விழுந்து
இரண்டு நாள் கரன்ட் இல்லை.
குஞ்ஞுமோன் கடையில் ஐஸ் வாங்கி மூடினேன்.
மத்தி வாசத்தோடு தூங்கியது.

மார்ச்சில் மண்ணுக்குள்.
பத்து நாள் ஒன்றுமில்லை.
இருபதாவது நாள் கிளறிப் பார்க்கப் போன விரலை
நானே இழுத்துக்கொண்டேன்.
அப்புறம் ஊதா நுனிகள்,
பீடி மாதிரி இறுகச் சுருண்டு.
எண்ணினேன். பதினாறு.
மறுநாள் எண்ணினாலும் பதினாறு.

மே மழையோடு நத்தைகள் வந்தன,
முஷ்டி பருமனில்.
டார்ச்சும் உப்பு வாளியுமாக ராத்திரி பதினொரு மணிக்கு
நாற்பத்து மூன்று பொறுக்கினேன்.
நாற்பத்து நாலாவது
விடிவதற்குள் பெரிய இலையின் நடுவில்
ஒரு ரூபாய் அளவுக்குத் தின்றிருந்தது.

படம் அனுப்பினேன். ஷைனி சிரித்தாள்.
"ஓட்டையில்லாத ஹோஸ்டா
இங்கேயும் யார்கிட்டயும் இல்ல.
லீவு கிடைச்சா டிசம்பர்ல வரேன், பாக்கணும்."
மேயில் வா என்றேன்.
டிசம்பரில் அது ஃபிரிட்ஜில் இருக்கும்.