சாவி மூன்று முறை வருகிறது

எட்டு மணிக்கு மின்வெட்டு.
அதற்குள் ஒரு பத்தி.
பத்து வரி போதும் என்றாள்
இரவு வகுப்பு ஆசிரியை ஸானெலே,
என் மகளைவிட நாலு வயது இளையவள்.
"முதலில் துணிந்து ஒன்றைச் சொல்லுங்கள்.
கதையிலிருந்தே சாட்சி கொண்டு வாருங்கள்.
சாட்சியை நிறுத்திவிட்டு ஓடிப்போகாதீர்கள்,
அது என்ன சொல்கிறது என்று கேளுங்கள்."

கரு: விசுவாசம்.

சாட்ஸ்வொர்த், அஞ்சாம் யூனிட்.
சமையலறை மேசையில் பீன்ஸ் கறி ஆறுகிறது.
'விசுவாசம் ஓர் உயர்ந்த குணம்.'
எழுதினேன். அடித்தேன்.
இதை எழுதக் கதையே படிக்க வேண்டாம்,
கோயில் காலண்டரைக் கிழித்தால் போதும்.

கதை இதுதான்:
சர்க்கரைக் கிடங்கு ஒன்று எரிந்துபோகிறது.
முதலாளி கப்பலேறிவிடுகிறார்.
காவல்காரன் மட்டும்
தினம் சாயங்காலம் வந்து
சாம்பல் முன்னால் நாற்காலி போட்டு உட்காருகிறான்,
இடுப்பில் சாவியோடு.
பூட்டும் இல்லை, கதவும் இல்லை.

வகுப்பே உச்சுக் கொட்டியது.
"நாய் மாதிரி நன்றியுள்ளவன்" என்றார்
டாக்சி ஓட்டும் பூபாலன்.
நானும் தலையாட்டினேன்.

என் தலைக்கு மேல் சுவர்க் கடிகாரம்.
பித்தளைத் தகட்டில் என் பெயர்:
கோகிலாம்பாள் மூட்லி,
இருபத்தைந்து ஆண்டு விசுவாசமான சேவைக்கு.
மொபேனியில் சட்டைக் கம்பெனி கொடுத்தது.
கொடுத்த மறு வருஷம் கம்பெனி மூடிற்று.
காலர் தைத்தேன். காலர் மட்டும்.
முழுச் சட்டை ஒன்றுகூட என் கையில் முடிந்ததில்லை.

வேலைநிறுத்தம் நடந்த ஒன்பது நாளும்
பின் கேட் வழியாக உள்ளே போனேன்.
முன் கேட்டில் சவுந்தரி, அட்டை பிடித்தபடி.
அதுவரை ஒரே பஸ், ஒரே சாப்பாட்டு டப்பா.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
பார்க்காமல் இருக்க
அவள் கழுத்தைத் திருப்பியதை நான் பார்த்தேன்.
(சாட்சி. விளக்கம் இன்னும் எழுதவில்லை.)

சரி, கதைக்கு வா.

பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன்.
சாவி மூன்று இடத்தில் வருகிறது.
ஏழாம் பக்கம்: 'முதலாளியின் சாவி.'
பத்தொன்பதில், தீக்குப் பிறகு, வெறும் 'சாவி.'
கடைசிப் பக்கம்:
'தன் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.'

தன்.

நாலு தடவை படித்தேனே, எப்படி நழுவிற்று?
கதை முழுக்க விசுவாசம் என்ற சொல்லே இல்லை.
நாங்கள்தான் கொண்டுபோய்
அவன் மடியில் வைத்தோம்.

நிறுத்தாமல் எழுதினேன்:
"காவல்காரன் முதலாளிக்காகக் காத்திருக்கவில்லை.
கதைக்காரர் சத்தமில்லாமல் சாவியைக் கைமாற்றுகிறார்;
கடைசியில் அது அவனுடையது.
கிடங்கு போனபின் காக்க அவனிடம் மிஞ்சியவை
காவல் காத்த வருஷங்கள்தான்.
தூரத்திலிருந்து பார்க்கிற நாம்
அதற்கு விசுவாசம் என்று பெயர் வைக்கிறோம்."

விளக்கு போயிற்று.
செல்போன் வெளிச்சத்தில் 'ஆகவே' என்று தொடங்கி
நின்றுவிட்டேன்.
ஆகவே என்ன?
பின் கேட்டில் நான் நுழைந்தது வீட்டு வாடகைக்காக,
ரஞ்சனியின் பள்ளிக்கூடக் கட்டணத்துக்காக.
அதற்கு யாரும் தகடு அடிப்பதில்லை.
முன் கேட்டில் சவுந்தரி கேட்டது
என் கூலிக்கும் சேர்த்து.
அதற்கும் தகடு இல்லை.

சொந்தக் கதையைப் பத்தியில் கலக்காதீர்கள்
என்றிருக்கிறாள் ஸானெலே.
கலக்கவில்லை.
'ஆகவே'யை மட்டும் அடித்தேன்.

பிறகு சவுந்தரிக்குப் போன் போட்டேன்.
இப்போது வெருலத்தில் இருக்கிறாள்.
தீமிதியில் தூரத்தில் பார்ப்பதோடு சரி.
"பத்தி ஒன்று வாசிக்கட்டுமா?"
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
வாசித்தேன்.
மறுபடி பேச்சில்லை.
"தீக்குப் பிறகு அவனுக்குச் சம்பளம் யார் கொடுத்தது?"
என்றாள்.

அதை நான் பார்க்கவே இல்லை.
புத்தகத்தை முதலிலிருந்து புரட்டுகிறேன்.
போனில் பன்னிரண்டு சதவீதம்.
அவள் இன்னும் வைக்கவில்லை.