இரண்டு அங்குலம்

ஆறு அங்குலம் தூக்கிவிட்டால்
எந்தப் பாறையும் வயிற்றைத் தொடாது என்கிறான்
யூட்டாவின் கனாப் ஊர்ப் பட்டறைக்காரன் ராய்ஸ்.
அவன் வண்டி வாசலில் நிற்கிறது
கொக்கு மாதிரி.

வெர்லீன் ஜாக்கி வைக்கச் சொன்னாள்,
ஒவ்வொரு அங்குலமாக.
நாயைக் கூப்பிட்டாள்.
பதினோரு வயது, இடுப்பில் வாதம்.

ஒன்றில் தாவி ஏறியது.
இரண்டில்
பின்னங்கால் நகம் விளிம்பைக் கீற,
எப்படியோ ஏறிவிட்டது.
மூன்றில் உட்கார்ந்துகொண்டது
செம்மண்ணில்,
அவளைப் பார்த்தபடி.

"ரெண்டு போதும்."

ராய்ஸ் ஸ்பிரிங் பெட்டியைக்
கீழ்த்தட்டிலிருந்து இழுக்கிறான், தூசி தட்டுகிறான்.

போன மாதம் அடி உரசிய கல்
இனியும் உரசும்.
அங்கே அவள் இறங்கி, குனிந்து பார்த்து,
சக்கரத்தைக் கையகலம் இடப்பக்கம் ஒடிப்பாள்.
நாய் இறங்காது.
ஜன்னல் கண்ணாடியில்
அதன் மூக்கு ஈரம்.