மூன்றாம் எண்

ரீகாவுக்கு வந்த இரண்டாம் நாள்,
விடிந்ததிலிருந்தே மழை.
கூரைமேல் முதுகை வளைத்து நிற்கும்
கறுப்புப் பூனையைப் பார்த்தாயிற்று.
மூன்று தேவாலயக் கோபுரங்களை அண்ணாந்து
கழுத்தும் பிடித்துக்கொண்டாயிற்று.
டிராமில் ஏறியதும் ஆரம்பித்தது:
குடையை விடுதியில் விட்டது யார்?
நான்கு நிறுத்தத்துக்கு அதே பேச்சு.
மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம்
ஒதுங்காதவர்கள் நாங்கள்.
அன்று மழைக்குத்தான் ஒதுங்கினோம்.
அறிவியல் தொழில்நுட்ப அருங்காட்சியகம் என்று
சீட்டு வாங்கிய பிறகுதான் படித்தேன்.

வில்னிஸ் நேரே டீசல் எஞ்சின்களிடம் போனார்.
முப்பத்தோரு வருஷமாக இப்படித்தான்,
கோபம் வந்தால் அவருக்கு ஓர் இயந்திரம் வேண்டும்.
வீட்டில் என்றால் புல்வெட்டி.

நான் மாடியேறினேன்.
அங்கே பழைய தொலைபேசி இணைப்பகம் ஒன்று
கண்ணாடிக்குப் பின்னால்
விலா எலும்பெல்லாம் தெரிய நின்றது.
ஒன்றிலிருந்து ஐந்துவரை
எதை வேண்டுமானாலும் சுழற்றலாம்,
கட்டடத்தில் எங்கோ மணியடிக்கும், என்றது பலகை.
சுழற்றினேன், மூன்று.
டக். டக். டக்.
பித்தளைக் கை ஒன்று மூன்று படி ஏறி
தன் இடத்தைத் தடவிக் கண்டுபிடித்தது.
ஒரு வார்த்தை போய்ச்சேர இத்தனை பாடு.

அலோ, யாரு?
சின்னக் குரல்.
மில்டா, என்றேன்.
நான் எஸ்தெரெ, எனக்கு ஆறு வயசு.
இங்க பெரிய சக்கரம் இருக்கு, சுத்தவே மாட்டேங்குது.
ஒரு மாமா ஷூவைக் கழட்டி வெச்சிட்டு உக்காந்திருக்கார்.
சாக்ஸ்ல ஓட்டை.

இடது காலா?
இருங்க… ஆமா! உங்களுக்கு எப்படித் தெரியும்?

கிளம்பும்போதே பார்த்தேன் அந்த ஓட்டையை.
வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.
எஸ்தெரெ, எனக்காக அவரிடம் போய்ச் சொல்வாயா,
குடையை விட்டது மில்டாதான் என்று.

ரிசீவரைக் கீழே வைக்கும் சத்தம்.
பிறகு வெறும் கூடத்தின் இரைச்சல்,
யாரோ இருமுவது,
ஓடிப்போகும் ஈரச் செருப்பு.
எனக்குப் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது.
ஒரு பையன் வாட்சைத் தட்டிக் காட்டினான்.

சொல்லிட்டேன்.
என்ன சொன்னார்?
ரொட்டி யார்கிட்ட இருக்குன்னு கேட்டார்.

என் தோள்பையில்தான் இருந்தது,
கருஞ்சீமைச் சோம்பு போட்ட கறுப்பு ரொட்டி,
காலையில் பாதி தின்றது.
என்னிடம்தான் என்று சொல்.

எனக்கும் கொஞ்சம் தருவீங்களா?

வைத்தேன்.
கண்ணாடிக்குள் பித்தளைக் கை
சட்டென்று நழுவித் தொடங்கிய இடத்துக்கு வந்தது.
உள்ளே எதுவும் சாப்பிடக்கூடாது என்று
மாடிப்படிச் சுவரில் எழுதியிருந்தது.
படித்துக்கொண்டே இறங்கினேன்,
பையின் ஜிப்பைத் திறந்தபடி.