ஏழு தசம் இரண்டு ஒன்று

ஐஸ் கோப்பைக்குள் ஊசிக்குழலைச் செருகிக்கொண்டு
வாட்டிலிருந்து ஓடிவந்தான் பையன்.
அந்த ஐஸில் மீன் வாசம்.
ஆளோடு வந்த பெட்டியிலிருந்தே அள்ளியிருக்கிறார்கள்.
மணிக்கட்டு நாடியில் எடுத்த இரத்தம், இரண்டு மில்லி.
நிஸ்தார். முப்பத்தொன்று. சுழியோடி, கிண்ணியா.

இயந்திரம் குடித்தது, முனகியது,
துண்டுச் சீட்டை நீட்டியது:
ஏழு தசம் இரண்டு ஒன்று.
புளித்துவிட்டது.

மூளையின் அடித்தண்டில் ஓரிடம் இருக்கிறது.
மோரைத் தொட்டு நாக்கில் வைப்பதுபோல
இராப்பகலாய் இந்தப் புளிப்பைப் பார்த்தபடி.
கொஞ்சம் ஏறினால் போதும்,
விலா எலும்புகளை அதட்டும்: இழு, விடு, இழு.
காற்று குறைந்ததென்று அது அலறுவதில்லை,
செலவழிந்தது சேர்ந்துவிட்டதென்றுதான்.
கழுத்து நாடி இரண்டாய்க் கிளைக்கும் கவட்டில்
அரிசி மணியளவில் இன்னொன்று உண்டு.
ஒட்சிசனை எண்ணுவது அதன் வேலை.
கூச்ச சுபாவம். அது வாய் திறப்பதற்குள்
சில வேளை காரியம் முடிந்துவிடும்.

வள்ளத்து விளிம்பில் குந்தியிருந்து
முப்பது தடவை மூச்சை இறைத்திருக்கிறான் நிஸ்தார்,
கிணறு இறைப்பது மாதிரி.
நிறையக் காற்றுச் சேர்க்கிறேன் என்று நினைப்பு.
வெளியே போனது புளிப்பு மட்டும்.
காவல்காரனின் நாக்கைக் கழுவிவிட்டுக்
களவுக்குப் போகிறவனாய் இறங்கினான்,
ஒன்பது பாகம் ஆழம்,
அட்டை பொறுக்க.

விடியப்புறம் வாட்டுக்குப் போனேன்.
எனக்கு அங்கே ஒரு வேலையுமில்லை.
முகமூடியை விலக்கிவிட்டுச் சொன்னான்:
"முட்டவே இல்ல மிஸ்ஸி.
சொகமா இரிந்திச்சி. எல்லாம் பச்சையா.
பொறகு பாத்தா, ஹில்மி என்ட தலமயிரப்
புடிச்சிக்கிட்டு அழுறான்."

அந்தச் சுகம்தான் என்னை உலுக்கியது.
மூச்சு முட்டாத வாழ்வு வேண்டுமென்று
கோணேசரிடம் நானும் கேட்டிருக்கிறேன்,
மலையேறிப் போய், இரண்டு தடவை.
மனுவைத் திருப்பி வாங்க வேண்டும்.

பஸ் நிலையத்தில் மான்கள் படுத்திருந்தன.
ஒன்று பிஸ்கட் பெட்டியின் மட்டையை மென்றுகொண்டிருந்தது.
பைக்குள் சீட்டின் பிரதி.
நின்று மூச்சைப் பிடித்துப் பார்த்தேன்.
முப்பது. நாற்பது.
தொண்டைக்குழியில் ஒரு குதிப்பு, பிறகு இன்னொன்று.
நாற்பத்தேழில்
நான் விடவில்லை, அது இழுத்தது,
உப்பும் டீசலும் மான்புழுக்கையுமாய்
ஊர்க் காற்று முழுவதையும்.

மான் தலை தூக்கிப் பார்த்தது.
மறுபடி மட்டைக்குத் திரும்பியது.