புகைக்குழாயின் உயரம்

நீடாமங்கலத்துக்குத் தெற்கே
கோரையாற்றுப் பாலம் தாண்டினால்
வலதுபக்கம் என் ஆலை.
மணிக்கு இரண்டு டன் புழுங்கல்.
ஊறல் தொட்டியின் புளித்த வாடை
என் சட்டையை விட்டுப் போனதில்லை.
நிக்காஹ் வீட்டுக் கூட்டத்திலும்
ஜக்கரியா வந்துவிட்டார் என்று
மூக்கு முதலில் சொல்லிவிடும்.

கட்டியபோது புகைக்குழாய் முப்பது மீட்டர்.
வாரியத்தின் முத்திரையோடு கடிதம் இருக்கிறது.
ஆட்சி மாறிய ஆடியில்
அதே குழாய் இருபத்தாறாகிவிட்டது.
இரும்பு சுருங்குமா சார் என்றேன்.
அளக்க வந்தவர் அண்ணாந்து பார்க்கவே இல்லை.
சுவரைப் பார்த்தார்.
திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியவர்
அங்கே என் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மின்சாரம் போனது.
குறுவை நெல் லாரியில் வந்து நிற்கிற நேரம்.
நாற்பத்து மூன்று நாள்.
தார்ப்பாய்க்குக் கீழே மூட்டைகள் முளைவிட்டன.
வங்கி வட்டிக்கு மட்டும் மின்சாரம் தேவைப்படவில்லை.

எதிர்த்த ஊரில் ஒரு ஆலை.
குழாய் தென்னையைவிடக் குட்டை.
அதன் கரி பள்ளிக்கூடத்துச் சத்துணவில் விழும்.
அதற்கு இசைவாணை
இரண்டே நாளில் வீட்டுக்கே வந்தது.
ஆற்றுக்கு இரண்டு கரை,
வேட்டிக்கும் கரை உண்டு.
எது எந்தப் பக்கம் என்று தெரிந்தவனுக்கே
இங்கே மடை திறக்கும்.

என் மேல்முறையீட்டுக்கு
கார்குழலி என்றொரு பொறியாளர் வந்தார்.
முக்காலி நட்டு, கண்ணாடிக்குள் ஒரு கண் வைத்து,
வெயிலில் ஒரு மணி நேரம்.
டீ வேண்டாம் என்றார்.
"இருபத்தேழு புள்ளி நான்கு.
இரண்டு புள்ளி ஆறு கூட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்."
அவ்வளவுதான்.
முப்பதும் பொய், இருபத்தாறும் பொய்.
எனக்குக் கோபம்தான் வந்தது.
அங்கிருந்து நேரே எதிர்த்த ஆலைக்குப் போய்
அதையும் அளந்திருக்கிறார்.
ஐந்தாம் நாள் தர்மபுரிக்கு மாற்றல்.

நான் படத்தைக் கழற்றினேன்.
வேறு படம் மாட்டினேன்.
ஒரு உறையும் கொடுத்தேன், தடிமனைச் சொல்ல மாட்டேன்.
கொதிகலன் மூச்சுவிட்டது.

பிறகு என் மச்சான் கட்சி வந்தது.
ஐந்து வருடம் ஒருவரும் அளக்க வரவில்லை.
கூட்டுவதற்கென்று வாங்கிய தகட்டில்
லாரி ஷெட்டுக்குக் கூரை போட்டேன்.
கீழத்தெருக் கொடியில் காய்ந்த துணியெல்லாம்
என் கரியைச் சுமந்தது.
மனு எழுதினார்கள். மனு தூங்கியது.
நானும் நன்றாகத் தூங்கினேன்,
இதையும் சொல்லத்தான் வேண்டும்.

போன தையில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர்
பங்கு சேர வந்தார்.
தவிட்டெண்ணெய்ப் பிரிவு, ஆறு கோடி, நூறு பேருக்கு வேலை.
கணக்கெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் கேட்டார்:
"இசைவாணை எதுவரைக்கும் செல்லும்?"
தேர்தல் வரைக்கும் என்றேன்.
சிரிப்பார் என்று நினைத்தேன்.
காபியை முழுக்கக் குடித்தார், எழுந்தார்.
ராய்ச்சூரில் இடம் வாங்கிவிட்டதாகக் கேள்வி.

அன்று இரவு வேலை முடிந்ததும்
கொதிகலன் சேவியரை மேலே ஏற்றினேன்.
கயிறு கீழே வந்தது.
தரை தொட்ட இடத்தில் முடிச்சுப் போட்டேன்.
நெல் காயப்போடும் களத்தில் நீட்டிவைத்து
டார்ச் வெளிச்சத்தில்
டேப்பை இழுத்து இழுத்து அளந்தோம்.
இருபத்தேழு புள்ளி நான்கு.

அந்தம்மா இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ.
வேறு யாரிடம் சொல்வது இந்த எண்ணை?

நாளை வாக்கு எண்ணிக்கை.
ஆணியில் இருந்த படத்தை எடுத்துவிட்டு
கயிற்றைச் சுருட்டி மாட்டியிருக்கிறேன்.
வருகிறவர்கள் கேட்கிறார்கள்,
என்ன பாய், கிணறு வெட்டுகிறீர்களா?